குசினிக் கேள்வி பதில்: ஆச்சியின் கைப்பிடி எத்தனை கிராம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ ஆச்சியோ இருக்கிறார், அவரிடம் சமையல் பழக வேண்டும், எங்கே தொடங்குவது? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

எதைக் கேட்டாலும் அம்மம்மா "கண்ணளவுதான் பிள்ளை, கொஞ்சம் போடு" எண்டு சொல்லுறா. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?
– கோப்பாய் வாசகி

கேட்பதை விட்டுவிட்டு நிறுக்கத் தொடங்குங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும். அவர் அடுப்படிக்கு வருமுன் உப்புப் பேணி, தூள் போத்தல், புளி வைத்த கிண்ணம், தேங்காய்ப்பூக் கோப்பை ஒவ்வொன்றையும் அப்படியே பாத்திரத்தோடு நிறுத்துக் குறித்துவையுங்கள். தண்ணீரை ஒரு லீற்றர் யாடி ஒன்றில் நிரப்பி, அதிலிருந்து மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். பிறகு அவரை அவர் பாட்டில் சமைக்க விடுங்கள். கறி இறங்கியதும் எல்லாவற்றையும் மறுபடி நிறுங்கள். குறைந்திருப்பதுதான் அவருடைய "கொஞ்சம்".

துப்புரவாக்கிய மீனின் அல்லது நறுக்கிய காயின் நிறையையும் எழுத மறக்கவேண்டாம். அது இல்லாவிட்டால் உப்பின் கணக்குக்குப் பொருளில்லை. ஒரே கறியை மூன்று தடவை இப்படிப் பாருங்கள். மூன்றும் கிட்டக்கிட்ட வந்தால் அதுவே அளவு. ஒன்று மட்டும் விலகினால் காரணத்தைத் தேடுங்கள்: அன்றைக்குப் புளி பழையதாக இருந்திருக்கும், கருவாடு சேர்ந்திருக்கும், தக்காளி புளித்திருக்கும்.

சுண்டுக் (அரிசி, மா அளக்கும் பேணி) கணக்கிலும் கவனம் தேவை. ஒரு சுண்டு அரிசியும் ஒரு சுண்டு மாவும் ஒரே நிறை அல்ல. மாவை அள்ளிச் சும்மா விடுவதற்கும் தட்டி நிரப்புவதற்கும்கூட வித்தியாசம் உண்டு. பொதுவான அட்டவணையை நம்பாமல், உங்கள் வீட்டுச் சுண்டை அரிசிக்கு ஒருமுறை, மாவுக்கு ஒருமுறை அவர் கையாலேயே நிரப்பச் சொல்லி நிறுத்து, அதன் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நேரத்தை எழுதும்போது "ஏழு நிமிடம்" என்று மட்டும் எழுதினால் இன்னொரு அடுப்பில் பிழைக்கும். வெங்காயம் எந்த நிறத்தில் இருக்கையில் தூள் விழுந்தது, எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததா, குமிழி பெரிதா சிறிதா என்று அடையாளத்தை எழுதுங்கள். நிறத்துக்குச் சொல் போதாது, கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். தாளிக்கும் நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாது. வெங்காயம் உரிக்கும்போது, தேங்காய் திருவும்போது எவ்வளவும் கேட்கலாம்.

கடைசிப் படிதான் முக்கியம். நான்காம் தடவை நீங்கள் சமையுங்கள், அம்மம்மா கதிரையில் இருக்கட்டும். அவர் பொறுக்கமாட்டாமல் எழும்பி வரும் இடம் எதுவோ, அங்கேதான் உங்கள் குறிப்பில் ஓட்டை இருக்கிறது. மாவை அரிப்பது, சட்டியைச் சற்று முன்னதாகவே இறக்கி மூடிவைப்பது போன்றவற்றை அவர் வாயால் சொல்லவே மாட்டார். அவருக்கு அது சமையல் கணக்கில் வராது.

"அன்பாச் சமைச்சால் ருசி தானா வரும்" எண்டுறா ஆச்சி. எனக்கு வரவில்லையே!
– மானிப்பாய் வாசகர்

ஆச்சியின் கையைப் பாருங்கள். முருங்கையிலையில் ஒரு காம்பும் விடாமல் ஆய்வார். காம்பு கிடந்தால் வறை வாயில் நெருடும். தேங்காயை மூன்றாம் பால் வரை பிழிவார். வெங்காயம் வதங்கும்வரை அடுப்பைக் கூட்டாமல் நிற்பார். இறாலின் முதுகு நரம்பை எடுப்பார். அவர் அன்பு என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த அலுப்பான வேலைகள்தான், இவற்றைப் பழகலாம். உங்கள் கறியில் முதலில் பார்க்கவேண்டியது நெருப்பு. அவசரத்தில் அடுப்பைக் கூட்டினால் உள்ளி கருகிக் கைக்கும், வெங்காயம் உள்ளே பச்சையாக நிற்கும்.

அப்பம்மாவின் கறித்தூளை வீட்டிலேயே செய்யவேண்டும். அளவும் வறுக்கும் முறையும் சொல்லுங்கள். நான் செய்த தூள் கைத்தது, இரண்டு மாதத்தில் கட்டியும் பட்டது.
– சாவகச்சேரி வாசகி

வீட்டுக்கு வீடு மாறும் அளவு இது, ஆனாலும் நடுவாக நிற்கும் ஒன்றைத் தருகிறோம்: செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 100 கிராம், மிளகு 75 கிராம், நற்சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் 25 கிராம், உருவிய கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. முதன்முறை செய்பவர்கள் இதில் ஐந்தில் ஒரு பங்கு போட்டுப் பாருங்கள். 100 கிராம் மிளகாய் வீணானால் தாங்கலாம், அரைக் கிலோ வீணானால் அப்பம்மா தாங்கமாட்டார்.

மிளகாயைக் காம்பு நீக்கி, மல்லியைக் கல் பொறுக்கி, எல்லாவற்றையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். அடி தடித்த தாச்சியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் சின்ன விதை கருகும்வரை பெரியது வறுபடாது. மல்லி முதலில், மிதமான நெருப்பில், நிறம் ஒரு படி கூடி வாசம் எழும்பும்வரை. பிறகு பெருஞ்சீரகம், நற்சீரகம். மிளகு வெடிக்கத் தொடங்கியதும் இறக்குங்கள். கறிவேப்பிலை கையில் நொறுங்க வேண்டும். மஞ்சளை உடைத்துச் சூடேற்றினால் போதும். மிளகாயைக் கடைசிக்கு வையுங்கள், அதன் காரப் புகையோடு மற்ற வேலை ஓடாது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, குறைந்த நெருப்பில், கருஞ்சிவப்பாகி மொறுமொறுக்கும்வரை கிளறுங்கள். கருமை தட்டிய மிளகாயைப் பார்த்தால் பொறுக்கி எறியுங்கள்.

உங்கள் தூள் கைத்ததற்கு வெந்தயத்தைத்தான் சந்தேகிக்கிறோம். செம்பொன் நிறம் வந்ததும் அது தாச்சியை விட்டு வெளியேறிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு அதிலேயே விட்டாலும் தாச்சியின் சூட்டில் கருகும். கட்டிபட்டதற்குக் காரணம் ஈரம். வறுத்ததை ஆறவிட்டு அரைத்தாலும் மில்லின் உராய்வில் தூள் மறுபடி சூடாகும். அதை அப்படியே போத்தலில் அடைத்தால் ஆவி உள்ளே வியர்த்துவிடும். அகன்ற தட்டில் தாள் விரித்துப் பரப்பி, முழுக்க ஆறியபின் அடையுங்கள். கொதிக்கிற சட்டிக்கு மேலே போத்தலைச் சரித்துக் கொட்டும் பழக்கத்தையும் விடுங்கள். காய்ந்த கரண்டியால் அள்ளிப் போடுவதே நல்லது.

அரை கிலோ இறைச்சிக்கு இந்தத் தூளில் இரண்டு மேசைக்கரண்டி காணும். மல்லியும் சீரகமும் உள்ளே இருப்பதால், இந்தியக் குறிப்பைப் பார்த்து மல்லித்தூளைத் தனியாக இன்னொரு தடவை சேர்க்கவேண்டாம். குழம்பு களிபோல் தடிக்கும்.

அரிசிமாப் புட்டு ஒன்றில் கல்லாகிறது, அல்லது கட்டிகட்டியாகிறது. ஆச்சி செய்தால் பூப்போல வருகிறது.
– கரவெட்டி வாசகி

முதலில் மா. ஊறவைத்து வடித்து இடித்த அரிசிமாவை, ஆவி அடங்கி மணல்போல் ஓடும்வரை வறுக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து நிலத்தில் விட்டுப்பாருங்கள்; கோலக்கோடு போல் அறாமல் விழுந்தால் பதம். வறுபடாத மாவில் கொதிநீர் பட்டால் பசையாகும், அதிகம் வறுத்த மா தண்ணீரைக் குடித்தும் உதிரியாகவே நின்று தொண்டையை அடைக்கும்.

250 கிராம் வறுத்த சிவப்பரிசி மாவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, 200 முதல் 225 மில்லிலீற்றர் கொதிநீர், ஏறத்தாழ 100 கிராம் தேங்காய்ப்பூ. நீர் தளதளவென்று கொதித்த உடனே ஊற்ற வேண்டும். ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று தவணையாகச் சுற்றி ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் விரல் நுனியால் உதிர்த்து, பேணியின் வாய் விளிம்பால் கொத்துங்கள். உள்ளங்கையால் பிசைந்தால் அது இடியப்ப மாவின் பக்கம் போய்விடும். கொத்திய மாவைப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் நீர் கூடிவிட்டது. இன்னும் இரண்டு கைப்பிடி வறுத்த மா தூவிக் கொத்தினால் பெரும்பாலும் திருத்தலாம்.

தேங்காய்ப்பூவைக் கொத்தி முடித்தபின் கலந்து, நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) தளர்வாகப் போடுங்கள், அமுக்கவேண்டாம். கீழே பானையில் ஆவி பறக்கத் தொடங்கிய பிறகே பெட்டியை வைக்க வேண்டும். 10 முதல் 12 நிமிடத்தில் வெந்துவிடும். குளிர்ந்த பானையில் வைத்துச் சூடேற்றினால் அடிப்பாகம் ஊறிக் களியாகும்.

கோதுமை மா கலப்பவர்கள் அதை முதலில் துணியில் கட்டி 45 நிமிடமாவது அவித்து, சூடு ஆறுமுன் உடைத்து அரிதட்டில் அரித்துவிடுங்கள். ஆறினால் அது உண்மையிலேயே கல்தான்.

பாற்சொதி திரைந்து போகிறது.
– கொக்குவில் வாசகர்

முதற்பாலைக் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள், அல்லது அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய் பிழிந்திருக்கிறீர்கள். தேங்காய்ப் பாலில் கொழுப்பைப் பிரியாமல் வைத்திருப்பது புரதம். கடும் சூடும் புளிப்பும் பட்டால் அது திரண்டு எண்ணெயைக் கைவிட்டுவிடும்.

சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 4, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை 400 மில்லிலீற்றர் இரண்டாம், மூன்றாம் பாலில் பத்து நிமிடம் வேகவிடுங்கள். நெருப்பைக் குறைத்து 150 மில்லிலீற்றர் முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் முதல் குமிழி கண்டதும் இறக்குங்கள். மூன்று நிமிடம் கழித்துப் பாதித் தேசிக்காய். மூடியால் மூடவேண்டாம். திரைந்துவிட்டால் கொட்டாதீர்கள், பார்க்கத்தான் அழகில்லை.

அம்மம்மாவின் ஒடியற்கூழை எட்டுப் பேருக்குச் செய்ய விருப்பம். போன முறை கைத்தது, பலாக்கொட்டையும் வேகவில்லை.
– பருத்தித்துறை வாசகி

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மாதான் வேண்டும். அந்தக் கைப்பு மாவுக்கே உரியது. 250 கிராம் மாவை அரித்துத் தும்பு நீக்கி, ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து இரண்டு மணிநேரம் விடுங்கள். மா அடியில் படியும், மேலே தெளியும் நீரில் கைப்பு இறங்கியிருக்கும். அதை மெதுவாக வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். பழைய மாவென்றால் இன்னொரு தடவை.

மற்றவை: அரிசி 50 கிராம், மரவள்ளிக்கிழங்கு 300 கிராம், கோது நீக்கிய பலாக்கொட்டை 25, பயற்றங்காய் 15, முருங்கையிலை ஒரு கைப்பிடி, பாதியாக உடைத்த சின்ன நண்டு 6, இறால் 250 கிராம், மீன் தலையும் துண்டுமாக அரை கிலோ, செத்தல் மிளகாய் 20, மஞ்சள் ஒரு தேக்கரண்டி, பழப்புளி 75 கிராம். முள் நிறைந்த சூடை போன்ற மீன்களைத் தவிருங்கள். கூழில் முள் கண்ணுக்குத் தெரியாது. தலைகளைத் தனியாக அவித்து, சதையைக் கிள்ளி எடுத்து, வடித்த தண்ணீரைக் கூழுக்கு விடுவது பாதுகாப்பு.

மூன்று லீற்றர் கொதிநீரில் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி மூன்றும் முதலில், 20 நிமிடம், பானையை மூடாமல். மரவள்ளியில் இயற்கையாக உள்ள சயனைட் சேர்மம் வேகும்போது ஆவியாகப் போகவேண்டும், அதற்குத்தான் மூடியில்லை. (மரவள்ளியோடு இஞ்சி கூடாது என்று ஆச்சிமார் கண்டிப்பாகச் சொல்வார்கள். கூழுக்கு இஞ்சி தேவையில்லை என்பதால் அந்த வழக்கு இங்கே எழவில்லை.) பிறகு நண்டு, மீன், பயற்றங்காய். பத்து நிமிடத்தில் இறால், முருங்கையிலை. முந்திப் போட்ட இறால் றப்பராகும்.

எல்லாம் மெத்தென்று வெந்துவிட்டதா என்று நசித்துப் பார்த்த பின்பே, அரைத்த மிளகாய், உப்பு, கரைத்த புளி. புளி முந்தி விழுந்தால் காய்களும் கொட்டைகளும் இலகுவில் மெத்தென்றாகாது. உங்கள் பலாக்கொட்டைக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். மிளகாயின் பச்சை வாசம் போனதும் ஒடியற் கரைசலை மெல்லிய தாரையாக விட்டு, அடியைத் தொட்டுக் கிளறியபடி 15 நிமிடம் நன்றாகக் கொதிக்க வையுங்கள். ஆறும்போது இன்னும் தடிக்கும் என்பதால், நீங்கள் விரும்பும் பதத்துக்கு ஒரு படி முன்பே இறக்குங்கள். பிளாவில் வார்த்துச் சுடச்சுடக் குடிக்க வேண்டும். பனையோலை கிடைக்காதவர்களுக்குக் கோப்பை.

அப்பம்மாவுக்கு 82 வயது. அவ சமைக்கும் கறியில் இப்ப உப்புக் கூடுது. சொன்னால் மனம் நோகும்.
– சுன்னாகம் வாசகி

வயது போகப்போக நாக்கும் மூக்கும் மந்தமாகும், அவருக்கு அது சரியான உப்பாகவே படுகிறது. பிழை என்று சொல்லத் தேவையில்லை. "உப்பை நான் போட்டுப் பழகுறன், நீங்கள் பாருங்கோ" என்று அந்த ஒரு வேலையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் சொன்ன நிறுக்கும் முறையை நீங்கள் கையாளும்போது, இன்றைய உப்பை எழுதாமல், வீட்டார் நாக்குக்குச் சரியாக வந்த அளவையே எழுதுங்கள். மல்லி வறுபட்ட வாசம் பிடிபடாததால் அவர் கருக விடுவதும் நடக்கலாம். நிறத்தைப் பார்த்து இறக்க நீங்கள் அருகில் இருங்கள். கொதிநீர் தூக்கும் வேலை அவருக்கு வேண்டாம்.

புது மண்சட்டி கசிகிறது. மச்சத்துக்கும் சைவத்துக்கும் ஒரே சட்டி பாவிக்கலாமா?
– நல்லூர் வாசகர்

ஓர் இரவு தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மறுநாள் கஞ்சித் தண்ணீரை நிரப்பிக் குறைந்த நெருப்பில் அரைமணி கொதிக்கவிடுங்கள். மாப்பொருள் நுண்துளைகளை அடைக்கும். இரண்டு மூன்று தடவை செய்தும் கசிந்தால் அது வெடிப்பு, மாற்றிவிடுங்கள். சூடான சட்டியை ஈரத் தரையில் வைக்கக் கூடாது. சவர்க்காரத்தைத் துளைகள் குடிக்கும் என்பதால் தும்பும் சுடுநீரும் போதும். அதே துளைகள் மீன் எண்ணெயையும் பிடித்துவைக்கும்; நல்லூர்க் கொடியேறி 25 நாளும் மச்சம் விலக்கும் வீடுகளில் சைவச் சட்டி தனியாகத்தான் இருக்கும், அதையே நாமும் சொல்வோம்.

கனடாவில் இருக்கிறன். அம்மம்மா அனுப்பிய அதே தூள், அதே குறிப்பு, ஆனால் மீன்குழம்பு வேறை மாதிரி வருது.
– ரொறன்ரோ வாசகி

தூள் மட்டும்தான் அதே. ரின்னில் வரும் தேங்காய்ப்பால் முதற்பாலைப் போல் தடிப்பானது. ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்தால்தான் குறிப்பில் உள்ள இரண்டாம் பாலுக்குக் கிட்ட வரும். போத்தலில் விற்கும் புளிக் கரைசலில் உப்பு இருக்கக்கூடும்; உறையைப் பார்த்து, குழம்புக்குக் கடைசியில் உப்பிடுங்கள். பெரிய வெங்காயத்தில் நீர் அதிகம், அது வற்றும்வரை வதக்காமல் தூள் போட்டால் குழம்பு தித்திக்கும். மின்னடுப்பு, நெருப்பைக் குறைத்த பின்னும் சில நிமிடம் சூடாகவே நிற்கும், ஆகையால் முதற்பால் விடுமுன் சட்டியைத் தூக்கி அப்பால் வையுங்கள். மீன் போட்ட பிறகு அகப்பை போடவேண்டாம், சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும்.

அனுப்பிய தூளைச் சின்னச் சின்னப் போத்தல்களாகப் பிரித்து பிறீசரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் பிடிக்காது.